வகுபடாத எண்ணும் பல்லுக்காரரும்

பட்டறையில் அவருக்குப் பல்லுக்காரர் என்று பெயர். இரும்பு வட்டின் விளிம்பில் பல் வெட்டி அதைச் சக்கரமாக்குவது அவர் தொழில். விவரம் தெரியாத யாராவது கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றால், "நான் பல்லை வெட்டுறவன்ங்க, பிடுங்குறவன் இல்லை" என்று திருப்பி அனுப்புவார். இருபத்தெட்டு வருடம் ஒரே பட்டறை, ஒரே மில்லிங் மெஷின், ஒரே முக்காலி. அவர் வெட்டிய சக்கரங்கள் அச்சு இயந்திரங்களிலும் மாவு ஆலைகளிலும் ஓடிக்கொண்டிருந்தன. ஒன்றுகூடப் பல் சரியில்லை என்று திரும்பி வந்ததில்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

அந்தத் தொழிலின் உயிர்நாடி பங்கு போடுவதுதான். வட்டைச் சரிசமமாகத் திருப்பித் தர ஒரு கருவி இருக்கிறது. அதன் கைப்பிடியை நாற்பது சுற்றுச் சுற்றினால் வட்டு ஒரு சுற்றுச் சுற்றும். அறுபது பல்லோ எண்பது பல்லோ வேண்டுமென்றால் கணக்கு தானாக அமைந்துவிடும். முரண்டு பிடிக்கிற எண்களும் உண்டு. அவற்றில் மகா முரடு நூற்றிருபத்தேழு. ஐந்து அங்குலம் என்பது நூற்றிருபத்தேழு மில்லிமீட்டர். ஆகவே அங்குலக் கணக்கில் செய்த கடைசல் இயந்திரமான லேத்தில் மில்லிமீட்டர் கணக்கில் திருகு மரை வெட்ட வேண்டுமென்றால் அந்தப் பல் எண்ணிக்கையில் ஒரு சக்கரம் வேண்டும். அதுவோ ஒன்றையும் தன்னையும் தவிர வேறு யாருக்கும் பங்கு கொடுக்காத பகா எண். கைப்பிடியை அளந்து நிறுத்தக் கருவியோடு வரும் துளைத்தட்டு எதிலும் அடங்காது; பக்கத்தில் துணைச் சக்கரங்களைக் கோத்துத்தான் வெட்ட வேண்டும்.

முப்பது வயதில் முதல் முறையாக அதை வெட்டி முடித்த சாயங்காலம், வேலைச் சீட்டின் முதுகில் அவர் அந்த எண்ணைக் கிண்டிப் பார்த்தார். ஏழு இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கழித்தால் நூற்றிருபத்தேழு. ஐந்து இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கழித்தால் முப்பத்தொன்று. அதுவும் பகா எண். மூன்று இரண்டு என்றால் ஏழு, அதுவும்தான். அட, இது ஒரு குடும்பமாக இருக்கிறதே என்று தோன்றியது. அடுத்துப் பதினொரு இரண்டுகளைப் போட்டார். 2047. இரண்டு நாள் தேநீர் நேரத்தில் வகுத்துப் பார்த்து, அது இருபத்துமூன்று தரம் எண்பத்தொன்பது என்று கண்டபோது சொந்தக்காரர் ஒருவர் ஏமாற்றிவிட்டதுபோல இருந்தது.

அப்படிக் கொஞ்சம் கொஞ்சமாகப் பல வருடம் போயிற்று. பதின்மூன்று, பதினேழு, பத்தொன்பது இரண்டுகள் பகா எண்ணாகவே நின்றன. இருபத்துமூன்று இரண்டுகள் நாற்பத்தேழால் வகுபட்டு உடைந்தன. இருபத்தொன்பது இருநூற்று முப்பத்துமூன்றில் உடைந்தது. அடுத்தது முப்பத்தொன்று. முப்பத்தொரு இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கழித்தால் 2147483647. இருநூற்றுப் பதினான்கு கோடிக்கு மேல். அந்த எண்ணைச் சீட்டில் எழுதி, மடித்து, கருவிப்பெட்டியின் அடித்தட்டில் வைத்தார். இதைச் சோதிக்க யாருக்கு நேரம் இருக்கிறது?

ஐம்பத்தோராவது வயதில் இரண்டு சிறுநீரகமும் கைவிட்டன. நேரம் வந்தது.

வாரத்துக்கு மூன்று நாள், நாளைக்கு நான்கு மணி நேரம். இடது முன்கையில் இரண்டு ஊசிகள். ஒன்றின் வழியாக ரத்தம் இயந்திரத்துக்குப் போகும், மற்றொன்றின் வழியாகச் சுத்தமாகித் திரும்பும். ஊசி குத்திய கையை அசைக்கக் கூடாது. மருத்துவமனையின் முதல் மாடியில் நீளமான அறை, ஆறு சாய்வு நாற்காலிகள், ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஆளுயர இயந்திரம். சுவரில் ஒரு தொலைக்காட்சி, ஒலி கிடையாது. உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும் எடை பார்ப்பார்கள். ஒரு நாளைக்கு மொத்தம் முக்கால் லிட்டர் தண்ணீர்தான்.

அவர் மனைவி பள்ளிச் சீருடை தைக்கும் கூடத்தில் துணி வெட்டுபவர். தன் சிறுநீரகத்தில் ஒன்றைத் தருகிறேன் என்று முதல் மாதமே பரிசோதனைக்குப் போய்ப் படுத்தார். பொருந்தவில்லை. முடிவைக் கேட்டுவிட்டு வெளியே வந்தவர், "இருபத்தாறு வருஷம் பொருந்தித்தானே இருந்தோம்" என்று மட்டும் சொன்னார். பிள்ளைகள் இல்லை. மருத்துவமனைக் காத்திருப்புப் பட்டியலில் பெயர் எழுதிவிட்டு வந்தார்கள்.

முதல் ஆறு மாதம் பல்லுக்காரர் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். நிற்கிற வேலை முடியாமல் பட்டறையை விட்டாயிற்று. முதலாளி அவருடைய கருவிப்பெட்டியை வீட்டுக்கு அனுப்பி வைத்தபோது, அதைத் துடைத்து வைக்கலாம் என்று கவிழ்த்தார். அடித்தட்டிலிருந்து சீட்டு விழுந்தது.

ஓர் எண்ணை இரண்டு எண்கள் பெருகி உண்டாக்கினால் இரண்டில் ஒன்று குட்டையாகத்தான் இருக்க வேண்டும். 2147483647-க்கு அந்தக் குட்டையின் உயரம் அதிகபட்சம் 46340, அதாவது அதன் வர்க்கமூலம். அதற்குள் இருக்கும் எல்லாப் பகா எண்களாலும் வகுத்துப் பார்த்து, ஒவ்வொரு முறையும் மீதி வந்தால், எண் நிற்கும். ஒரே ஒரு முறை மீதி பூஜ்யமானால் உடைந்தது. அவ்வளவுதான் வேலை. முதலில் அந்தப் பகா எண்களின் பட்டியல் வேண்டுமே. வரைபடத் தாள்களில் ஒற்றைப்படை எண்களை வரிசையாக எழுதி, மூன்றின் மடங்கு, ஐந்தின் மடங்கு, ஏழின் மடங்கு என்று அடித்துக்கொண்டே போனார். வீட்டுச் சுவர் முழுக்கத் தாள். ஐந்து மாதம் ஆயிற்று. அடிபடாமல் தப்பியவற்றை இரண்டோடு சேர்த்து எண்ணினார்: நாலாயிரத்து எழுநூற்றுத் தொண்ணூற்றிரண்டு.

"செல்போன்ல தட்டினா வந்துடாதா?" என்று மனைவி கேட்டார்.

"வரும். அப்புறம் நாலு மணி நேரம் நான் என்ன பண்றது?"



நாற்காலியின் வலது கையோடு மரை வைத்து முடுக்குவதற்கு ஓர் அலுமினியப் பலகை செய்து எடுத்துப் போனார். நோட்டு நழுவாமல் பிடிக்க அதில் இரண்டு கவ்விகள். ஒரு கையால் எழுதலாம். ஒரு நாளைக்குப் பன்னிரண்டு வகுத்தல் முடியும். ரத்த அழுத்தம் இறங்குகிற நாளில் ஏழெட்டு.

பக்கத்து நாற்காலியில் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் ஒருவர் இருந்தார். எழுபது வயது, வெண்கலக் குரல். ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு வாயைத் திறந்தார்.

"என்ன தம்பி, உயில் எழுதுறீங்களா? இவ்வளவு நீளமா எழுதற அளவுக்கு ஆஸ்தியா?"

பல்லுக்காரர் விஷயத்தைச் சொன்னார். கண்டக்டர் முழுதும் கேட்டார்.

"சரி. நீங்க போட்டது தப்பா இருந்தா?"

"இருக்காது அண்ணே."

"இருக்காதுன்னு சொல்றவனைத்தான் நான் நாப்பது வருஷமா டிக்கெட் கேட்டிருக்கேன். நோட்டை இங்க தள்ளுங்க."

அன்றிலிருந்து முறை அதுதான். பல்லுக்காரர் வகுப்பார். கண்டக்டர் ஈவை வகுத்த எண்ணால் பெருக்கி, மீதியைக் கூட்டி, மறுபடி 2147483647 வருகிறதா என்று பார்ப்பார். வந்தால் சிவப்புப் பென்சிலால் ஒரு கோடு, "ரைட், போலாம்!" என்று ஒரு குரல். அந்தக் குரலுக்கு அறையே சிரிக்கும். வராவிட்டால், "ஸ்டேஜ் மாறிப்போச்சு, இறங்கு" என்பார். இயந்திரங்களைக் கவனித்துக்கொள்ளும் சிஸ்டர், "ரெண்டு பேரும் சத்தம் போடாம படிங்க" என்று அதட்டிவிட்டு, போகிற போக்கில் எத்தனை ஆயிற்று என்று எட்டிப் பார்ப்பார். ஆயிரமாவது வகுத்தலன்று அவரே ஒரு தேதி முத்திரையைக் கொண்டுவந்து நோட்டில் குத்தினார்.

ஒன்றரை வருடத்தில் இரண்டாயிரத்து எண்ணூறு தாண்டியது. அந்த எண் அசையவில்லை. வகுத்தல் நீளமானது, மீதிகள் ஐந்து இலக்கமாக வந்தன. கண்டக்டருக்குக் கண் மங்கிவந்தது. பூதக்கண்ணாடி வைத்துக்கொண்டு பெருக்கினார்.

ஒரு வியாழக்கிழமை கண்டக்டரின் நாற்காலியில் வேறு விரிப்புப் போட்டிருந்தது. பல்லுக்காரர் எடை பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்து, பலகையை முடுக்கி, நோட்டை வைத்துவிட்டு, "அண்ணன் இன்னும் வரலியா?" என்றார். சிஸ்டர் ஊசியைப் போட்டு, ஒட்டி, குழாயைச் சரிபார்த்து, எல்லாம் முடித்த பிறகுதான் சொன்னார். முந்தின நாள் காலையில், வீட்டில், முகம் கழுவிக்கொண்டிருக்கும்போது இதயம் நின்றுவிட்டதாம்.

நான்கு மணி நேரம் பல்லுக்காரர் நோட்டைத் திறக்கவில்லை. மறுநாள் கண்டக்டர் வீட்டுக்குப் போனார். மகள் ஒரு பையைக் கொடுத்தாள். உள்ளே பூதக்கண்ணாடியும் பாதி தேய்ந்த சிவப்புப் பென்சிலும். "உங்ககிட்ட குடுக்கணும்னு அப்பா எப்பவோ சொல்லி வெச்சது" என்றாள். அவர் கண்ணாடியை மட்டும் வாங்கிக்கொண்டார். பென்சிலை வாங்கக் கை வரவில்லை.

அதன்பின் தனியாகவே வகுத்தார். சரிபார்க்க ஆளில்லை. மூவாயிரத்து முந்நூறை நெருங்கும் நேரம், வகுக்கும் எண் முப்பதாயிரத்தைத் தாண்டியிருந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு, கடைசிக் கழித்தலில், மேலேயும் கீழேயும் ஒரே எண் நின்றது. மீதி பூஜ்யம்.

அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். நெஞ்சு அடித்துக்கொள்ள, இயந்திரம் ஒலி எழுப்பியது. சிஸ்டர் ஓடி வந்தார். "ஒண்ணுமில்லம்மா, ஒண்ணுமில்ல" என்றார். நோட்டை மூடிப் பையில் வைத்து வீட்டுக்கு வந்தார். மத்தியானம் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தவரை மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"டாக்டர் ஏதாவது சொன்னாரா? மறைக்காதீங்க."

"டாக்டர் ஒண்ணும் சொல்லலை. எண் உடைஞ்சுபோச்சு."

மனைவி கரண்டியைக் கீழே வைத்தார். பிறகு கோபம் வந்தது. "இதுக்கா இந்த மூஞ்சி? நான் உசிரைக் கையில பிடிச்சுக்கிட்டு நிக்கிறேன்."

"ரெண்டு வருஷம்மா. அண்ணன் போட்ட கோடெல்லாம்..."

மனைவி கையைத் துடைத்துக்கொண்டு வந்து நோட்டை இழுத்து வைத்துக்கொண்டார். எட்டாவதோடு படிப்பை விட்டவர்தான். ஆனால் ஒரு சுருள் துணியில் நூற்றுப்பத்துச் சட்டை விழுமா, நூற்றெட்டா என்று கண்ணாலேயே கழித்துச் சொல்கிறவர். ஒவ்வொரு படியாக விரலை வைத்துக்கொண்டு இறங்கினார். நாலாவது கழித்தலில் விரல் நின்றது.

"ஏங்க, இங்க பாருங்க. பக்கத்து வீட்டுல கடன் வாங்கியிருக்கீங்க. வாங்கினதைக் கழிக்கவே இல்லையே."

அவர் பூதக்கண்ணாடியை எடுத்தார். ஆமாம். ஏழு நின்ற இடத்தில் ஆறு இருந்திருக்க வேண்டும். திருத்திப் போட்டார்கள். கடைசியில் ஐந்து இலக்க மீதி ஒன்று வந்து உட்கார்ந்தது. எண் உடையவில்லை.

பல்லுக்காரர் தட்டை இழுத்து வைத்துக்கொண்டு ஆறிப்போன சாப்பாட்டைச் சாப்பிட்டார். மனைவி அவர் தனியாகப் போட்ட முந்தின பக்கங்களைப் புரட்டிக்கொண்டிருந்தார். "இதையெல்லாம் யாரும் பார்க்கலையா? நல்லாயிருக்கே" என்றார். அன்றிலிருந்து சாயங்காலச் சமையல் முடிந்ததும் சரிபார்ப்பது அவர் வேலையாயிற்று. சிவப்புக் கோடு போடவில்லை. ஊதா மையில் தன் பெயரின் முதல் எழுத்தை எழுதினார். இவ்வளவு நாள் அந்த நான்கு மணி நேரத்தில் கணவர் எங்கே போய்வருகிறார் என்பது அவருக்குத் தெரியாமல் இருந்தது. இப்போது அந்த ஊருக்கு அவருக்கும் வழி தெரிந்துவிட்டது.

கண்டக்டரின் நாற்காலிக்கு ஒரு பெண்மணி வந்தார். கல்லூரியில் கணக்கு நடத்தி ஓய்வுபெற்றவர். எல்லோரும் டீச்சர் என்றார்கள். அதிகம் பேசமாட்டார். மூன்று வாரம் கழித்து ஒருநாள் அவராகவே ஆரம்பித்தார்.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். சொல்லலாமா வேண்டாமான்னுதான் இத்தனை நாள் யோசிச்சேன்."

"சொல்லுங்க டீச்சர்."

"நீங்க வகுக்கிற எண் பகா எண்தான். இருநூத்தம்பது வருஷத்துக்கு முன்னாலயே நிரூபிச்சிட்டாங்க."

பல்லுக்காரர் சிரித்தார். "இருக்கும்னு நினைச்சேன். நமக்கு முன்னால ஒருத்தனாவது இந்தப் பக்கம் வராமலா இருப்பான்? அவருக்கும் இவ்வளவு காலம் ஆச்சா?"

டீச்சர் தயங்கினார். "எல்லாப் பகா எண்ணாலயும் வகுக்க வேண்டியதில்லை. எண்பத்துநாலு எண்ணைப் பார்த்தாலே போதும்."

"எண்பத்துநாலா?"

"எண்பத்துநாலு."

பல்லுக்காரர் பென்சிலைக் கீழே வைத்தார். கொஞ்ச நேரத்தில் முகம் வெளுத்து, வியர்த்தது. ரத்த அழுத்தம் விழுந்திருந்தது. சிஸ்டர் நாற்காலியைச் சாய்த்துக் காலை உயர்த்தி வைத்தார். டீச்சர் தன் ஊசிக் கையைப் பார்த்தபடி, "நான் வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கணும்" என்றார். யாரிடம் என்றில்லாமல் இரண்டு முறை சொன்னார்.

அடுத்த முறை வந்து உட்கார்ந்ததும் பல்லுக்காரர் கேட்ட முதல் கேள்வி, "ஏன் எண்பத்துநாலு? அதைச் சொல்லுங்க" என்பதுதான்.

டீச்சர் விளக்க ஆரம்பித்தார். கல்லூரிப் பேச்சு முதலில் அவருக்கு எட்டவில்லை. "உடைஞ்ச எண் ஏதாவது வெச்சிருக்கீங்களா?" என்று டீச்சர் கேட்டார். பல்லுக்காரர் பழைய சீட்டை எடுத்தார். பதினொரு இரண்டுகள்: 2047, இருபத்துமூன்று தரம் எண்பத்தொன்பது.

"இருபத்துமூணை எடுத்துக்குங்க. ஒண்ணுல ஆரம்பிச்சு இரட்டிச்சுக்கிட்டே போங்க. இருபத்துமூணைத் தாண்டினா இருபத்துமூணைக் கழிச்சிடுங்க."

அவர் எழுதினார். ஒன்று, இரண்டு, நான்கு, எட்டு, பதினாறு. அடுத்தது முப்பத்திரண்டு, கழித்தால் ஒன்பது. பதினெட்டு. பதின்மூன்று. மூன்று, ஆறு, பன்னிரண்டு. இருபத்துநாலு; கழித்தால் ஒன்று. மறுபடி தொடங்கிய இடம்.

"எத்தனை அடி?"

"பதினொண்ணு." சட்டென்று நிமிர்ந்தார். "சக்கரம் மாதிரி சுத்துது."

"ஆமா. பதினொரு அடியில ஒண்ணுக்குத் திரும்பினதாலதான் இருபத்துமூணு உங்க எண்ணை வகுத்துது. இருபத்துமூணால வகுத்தா பூஜ்யம் போக எத்தனை மீதி வரலாம்?"

"இருபத்திரண்டு."

"இந்தச் சுத்துல பதினொண்ணு போயிடுச்சு. மிச்சம்?"

"பதினொண்ணு. அது இன்னொரு சுத்து." பல்லுக்காரர் மெதுவாகச் சொன்னார். "அரைகுறையா ஒரு சுத்து நிக்காது. அப்ப இருபத்திரண்டு பதினொண்ணால வகுபட்டே ஆகணும்."

 அதற்கு மேல் பல்லுக்காரர் தானாகவே போனார். எண்பத்தொன்பதில் ஒன்று போனால் எண்பத்தெட்டு, எட்டுப் பதினொன்று. இருபத்துமூன்று இரண்டுகளை உடைத்த நாற்பத்தேழில் ஒன்று போனால் நாற்பத்தாறு, இரண்டு இருபத்துமூன்று. இருபத்தொன்பதை உடைத்த இருநூற்று முப்பத்துமூன்றில் ஒன்று போனால் எட்டு இருபத்தொன்பது. இருபது வருடமாகக் கருவிப்பெட்டியில் கிடந்த சீட்டு. எல்லாம் அவர் கையெழுத்து.

"கையில வெண்ணெயை வெச்சுக்கிட்டு நெய்க்கு அலைஞ்சிருக்கேன்" என்றார்.

அப்படியானால் அவருடைய எண்ணை வகுக்கக்கூடிய எதுவும், ஒன்றைக் கழித்தால் முப்பத்தொன்றால் வகுபட வேண்டும். இன்னொரு நிபந்தனையையும் டீச்சர் சொன்னார்: எட்டால் வகுத்தால் அதற்கு மீதி ஒன்றாகவோ ஏழாகவோதான் இருக்கும். அதற்கான காரணம் நீளமானது, பிறகு சொல்கிறேன் என்றார். தன் பட்டியலில் இரண்டுக்கும் பொருந்துகிறவற்றைப் பல்லுக்காரர் வட்டமிட்டார். முதலாவது முந்நூற்றுப் பதினொன்று. மொத்தம் சரியாக எண்பத்துநாலு. முக்கால்வாசியை ஏற்கெனவே வகுத்தாயிற்று. மிச்சத்தை இரண்டே நாளில் முடித்தார். எல்லாவற்றிலும் மீதி வந்தது. எண் நின்றது.

சிஸ்டர் கைதட்டினார். டீச்சர் எட்டி அவர் வலது கையைப் பிடித்துக் குலுக்கினார். பல்லுக்காரர் எல்லோருக்கும் நன்றி சொன்னார். வீட்டுக்கு வந்து நோட்டுகளை அலமாரியில் அடுக்கிக் கதவைச் சாத்தினார். அதற்கடுத்த வாரம் மூன்று நாளும் வெறுங்கையோடு போய் ஒலியில்லாத தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டிருந்தார். உடம்பு இளைக்கத் தொடங்கியது.

சனிக்கிழமை காலை அவர் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது மனைவி நோட்டைப் பையில் திணித்தார்.

"எதுக்கு? அதுதான் முடிஞ்சுபோச்சே."

"மிச்சம் எத்தனை?"

"ஆயிரத்து முந்நூறு. அதுல ஒண்ணுகூட வகுக்காதுன்னு இப்பத் தெரியுமே. வேலைக்காகாத வேலை."

"உங்க டீச்சர் சொன்ன வழி சரிதான். யாரு இல்லைன்னா?" மனைவி பையின் வாயைச் சேர்த்துப் பிடித்தார். "நான் பார்க்க ஆரம்பிச்சே ரெண்டு மாசம் ஆகலை. சாயங்காலம் ஆனா கை தேடுது. எனக்காகப் போடுங்க."

அவர் பையை வாங்கிக்கொண்டார்.

அந்த ஆயிரத்து முந்நூறும் ஒன்பது மாதம் எடுத்தன. வட்டமிட்டவற்றை மறுபடி தொடவில்லை. மற்றவற்றை ஒவ்வொன்றாக முடித்தார். டீச்சர் ஒருநாளும் அதை வீண் என்று சொல்லவில்லை. மாறாக, எட்டின் மீதி விவகாரத்தை அவருக்குப் புரிகிற மாதிரி சொல்ல வேண்டுமென்று வீட்டிலிருந்தே தாள் தாளாக எழுதிக்கொண்டு வந்தார். பாதி புரிந்தது என்று பல்லுக்காரர் ஒப்புக்கொண்டார். கடைசி எண் 46337. ஈவு 46344, மீதி 41719. அன்று மனைவி தையல் கூடத்தில் விடுப்புச் சொல்லிவிட்டு வந்து அவர் நாற்காலியின் பக்கத்தில் ஒரு முக்காலியில் உட்கார்ந்திருந்தார். அங்கேயே பெருக்கி, கூட்டி, ஊதா எழுத்தைப் போட்டார். டீச்சரும் தன் பங்குக்கு ஒருமுறை பெருக்கிப் பார்த்தார்.

அடுத்த முறை பல்லுக்காரர் வந்து ஊசி போட்டதும் தூங்கிவிட்டார். மூன்றரை வருடத்தில் அந்த நாற்காலியில் அவர் தூங்கி யாரும் பார்த்ததில்லை. சிஸ்டர் பயந்துபோய் மூன்று முறை ரத்த அழுத்தம் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது. நான்கு மணி நேரம் கழித்து எழுப்பியபோது, "வீடு வந்துடுச்சா?" என்று கேட்டார்.

பதினான்கு மாதம் கழித்து அவர் இறந்தார். காத்திருப்புப் பட்டியலில் அவர் முறை வரவில்லை. ஒரு காய்ச்சல், நான்கு நாள் மருத்துவமனை, அவ்வளவுதான். பட்டறையிலிருந்து முதலாளியும் எட்டுப் பேரும் வந்தார்கள். டீச்சர் சக்கர நாற்காலியில் வந்தார். பதினோரு நோட்டுகளையும் கல்லூரி நூலகத்தில் வைக்கலாமே என்று தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"இப்ப முடியாது டீச்சர்" என்றார் மனைவி. "நான் இன்னும் பார்த்து முடிக்கலை."

உண்மைதான். கண்டக்டர் சரிபார்த்த பக்கங்களை அவர் அதுவரை பார்த்ததில்லை. துக்கம் விசாரிக்க வருகிறவர்கள் குறைந்த பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை முதல் நோட்டை எடுத்து மேசையில் வைத்தார். மூன்றால் வகுத்தது. ஐந்தால் வகுத்தது. வேலைக்குப் போய்வந்து தினமும் நாலைந்து பக்கம் பார்த்தார். இரண்டாயிரத்து நூறுக்குப் பக்கத்தில், சிவப்புக் கோடு போட்டிருந்த ஒரு வகுத்தலில், பெருக்கிக் கூட்டினால் எண் வரவில்லை, நூறு குறைந்தது. கண்டக்டரின் கண் மங்கத் தொடங்கிய காலமாக இருக்க வேண்டும். மனைவி தனித் தாளில் முதலிலிருந்து வகுத்துப் பார்த்தார். மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் கடைசிக் கழித்தலுக்கு வந்தார். மீதி வேறாக வந்தது, பூஜ்யம் இல்லை.

"அண்ணே, இது தப்பு" என்று சத்தமாகவே சொல்லிவிட்டு, சிவப்புக் கோட்டை அழிக்காமல், அதன் கீழே சரியான மீதியை ஊதா மையில் எழுதினார். பிறகு அடுத்த வகுத்தலுக்குப் போனார்.